மயில் நீலத்துக்கு ஒரு ஒத்திகை

லிங்கராஜபுரம் கிளெமென்ட் எதையும் நம்பாத மனிதர் என்று சொல்வார்கள். அது சரியில்லை. கடவுளை நம்பினார், மனைவியை நம்பினார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் காவேரித் தண்ணீர் வரும் என்பதைக்கூட நம்பினார். சோதித்துப் பார்க்காத பொருளைத்தான் அவரால் நம்ப முடியாது.

வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த உருப்படியையும் மொத்தமாகச் செய்வதற்கு முன், ஒன்றே ஒன்றைச் செய்து இவர் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு முதல் பீஸ் என்று பெயர். இவர் அதை அளந்து, தட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தால்தான் மெஷின் ஓடும். ஓய்வு பெற்றதும் மெஷின் போய்விட்டது. தலையசைப்பு மட்டும் தங்கிவிட்டது. மகள் கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசும் முன், அதே சமையல்காரர் ஃபிரேசர் டவுனில் செய்த வேறொரு கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தார். மனசாட்சி உள்ளவர் என்பதால், பெண் யார் பையன் யார் என்று தெரியாமலே மொய்யும் எழுதிவிட்டு வந்தார். தன் வீட்டுப் பிரியாணிக்கு வேறு யாரோ முதல் பீஸாக இருப்பதில் அவருக்கு ஒரு தவறும் தெரியவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மனைவி ஜோசஃபினுக்கு முட்டி ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதுதான் குளியலறைப் பேச்சு தொடங்கியது. ஆபரேஷனுக்கு முன்னால் பாத்ரூமைச் சரி பண்ணிவிடுங்கள், பிடித்துக்கொள்ளக் கம்பி வையுங்கள், வழுக்காத தரை போடுங்கள் என்றார் டாக்டர். இதில் கடைசியாகச் சொன்னது ஜோசஃபின் காதில் விழவில்லை. அவருக்குக் கோவாவில் தங்கை மகன் கல்யாணம் நடந்த ரிசார்ட்டின் குளியலறை கண்ணிலேயே நின்றது. மயில் நீலச் சுவர். முகம் தெரியும் தரை. அவர் போனில் அந்தக் கல்யாணத்துப் படங்களில் மணப்பெண்ணைவிடக் குளியலறைதான் அதிகம்.

ஹென்னூர் ரோடு டைல்ஸ் கடையில் பத்ரிநாத் என்ற விற்பனையாளர் பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார்.

"கீழ டார்க், நடுவுல ஹைலைட்டர், மேல லைட். இப்ப எல்லாரும் போடறது இதுதான் மேடம்."

"எல்லாரும் போடறது எனக்கு வேணாம். ஃபுல்லா நீலம் போடுங்க."

"ஃபுல்லா போட்டா ரூம் சின்னதா தெரியும்."

"ரூம் சின்னதுதாம்ப்பா. சின்னதா தெரிஞ்சா என்ன தப்பு?"

கடைசியில் தோள் உயரம் வரை நீலம், அதற்குமேல் வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் மீன் உருவம் போட்ட ஒரு வரிசை என்று முடிவானது. அந்த மீனை ஹோட்டல்காரர்கள்தான் எடுப்பார்கள் என்றார் பத்ரிநாத். எங்கள் மாதா கோயிலிலும் மீனுக்கு மரியாதை உண்டு என்று சொல்லிவிட்டார் ஜோசஃபின். தரைக்கு அவர் விரல் வைத்தது, நீல நரம்பு ஓடும் வெள்ளை டைல். பளபளப்பென்றால் அப்படி ஒரு பளபளப்பு.

கிளெமென்ட் செருப்பைக் கழற்றினார். கொஞ்சம் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்துப் பத்ரிநாத் கொண்டுவந்த தண்ணீரை டைலின் மேல் ஊற்றி ஏறி நின்றார்.

"சார், நம்ம ஷோரூம்ல இதுவரைக்கும் யாரும் குளிச்சதில்ல," என்றார் பத்ரிநாத்.

"வழுக்குமான்னு பாக்கறீங்களா, வழுக்கணும்னு பாக்கறீங்களா?" என்றார் ஜோசஃபின்.

ஒற்றை டைல் கம்பளத்தின் மேல் ஆடியது. வழுக்கியது டைலா கம்பளமா என்று தெரியவில்லை. ஒரு டைலின் மேல் நிற்பதும் ஒரு தரையின் மேல் நடப்பதும் ஒன்றல்ல என்று மட்டும் தெரிந்தது. இந்தத் தரை வேண்டாம் என்று மனைவியிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை; ஆதாரம் இல்லாமல் சொல்ல மனமும் இல்லை. "பாக்கலாம்," என்றார். ஆர்டர் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். வேலை ஆரம்பிக்கும்போது சரக்கை அனுப்பினால் போதும் என்றார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக் கூட்டம். செயலாளர் லாயிட் ஒரு பழைய புகாரைப் படித்தார். கோயில் ஹாலில் பெண்கள் கழிப்பறை உள்ளே போக முடியாத நிலையில் இருக்கிறது. மாதா திருவிழாவுக்குள் புதிதாக டைல் போட வேண்டும். யார் பொறுப்பு எடுத்துக்கொள்வது? இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பேரவை உறுப்பினர்கள் மின்விசிறியைப் பார்ப்பது வழக்கம். அன்று கிளெமென்ட் கை தூக்கினார். எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள். ஃபாதர் கைதட்டினார்.

அவர் திருடவில்லை. கமிஷன் வாங்கவில்லை. கடைக்காரரிடம் பேசி நல்ல சரக்கைத்தான் இறக்கினார், கொத்தனார் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினார். செய்ததெல்லாம் இவ்வளவுதான்: மனைவி வீட்டுக்குத் தேர்ந்தெடுத்த அதே நீலம், அதே மீன், அதே பளபளத் தரையை ஹாலின் பெண்கள் கழிப்பறையில் போட்டார். கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை விருந்து என்று வாரம் தவறாமல் கூட்டம் வரும் இடம். சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் பெங்களூரில் கிடைக்காது. மெஷினை ஓட்டுவதற்கு முன் முதல் பீஸ்.

பங்குப் பெண்கள் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார்கள். சிலர் உள்ளே போய் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். "கிளெமென்ட் அண்ணாவுக்கு என்ன டேஸ்ட்டு பாரு," என்றார் குளோரியா. குளோரியா கோயிலில் கீபோர்டு வாசிப்பவர். வாரநாளில் ஃபிரேசர் டவுனில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுப்பார். ஜோசஃபினுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தோழி.

திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முன், ஆள் இல்லாத ஒரு காலை வேளையில், கிளெமென்ட் ஹால் சாவியை வாங்கிக்கொண்டு பெண்கள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பேன்ட்டை முட்டி வரை மடித்தார். சுவரில் தண்ணீர் அடித்தார். போர்வெல் தண்ணீரின் உப்பு நீலத்தில் வெள்ளைக் கோடாக இறங்கியது; எலுமிச்சைத் தோலால் தேய்த்ததும் போய்விட்டது. சுவர் பாஸ். பிறகு தரையில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலில், முட்டி வலிக்கும் ஒரு பெண்மணியைப் போலத் தாங்கித் தாங்கி நடந்தார்.

வாஷ்பேசினைத் தாண்டும்போது குதிகால் பறந்தது. பேசினைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். பிடித்தபடியே நின்று, மூச்சு வாங்க, கிளெமென்ட் சிரித்தார். சோதனைக்கு விடை கிடைத்தவனின் சிரிப்பு. ஜோசஃபின் வீட்டில் இப்படி வழுக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தபோது, மாதாவுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லிக்கொண்டார்.

நேராக ஹென்னூர் ரோட்டுக்கு வண்டியை விட்டார். வீட்டு ஆர்டரில் தரையை மட்டும் மாற்றினார். சாம்பல் நிறம், சொரசொரப்பு, சின்னச் சின்னக் கட்டம். தண்ணீர் நிற்காமல் வாட்டம் கொடுக்கவும் சுலபம். வீட்டுக்கு வந்து, "அந்த வெள்ளை ஸ்டாக் இல்லையாம்," என்றார். ஜோசஃபின் கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு மறந்துவிட்டார்.

ஹாலைப் பற்றி? சொல்லத்தான் போகிறார். ஆனால் திருவிழா நேரம். இப்போது சொன்னால் ஹாலை மூட வேண்டும், விருந்துகளை ரத்துசெய்ய வேண்டும். எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். பெண்கள் கழிப்பறையில் பேன்ட்டை மடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன் என்று ஃபாதரிடம் எப்படிச் சொல்வது? திருவிழா முடியட்டும். அதுவரைக்கும் ஒரு ரப்பர் மேட் வாங்கிப் போடலாம் என்று நினைத்தார். நினைத்தது உண்மை.

திருவிழா முடிந்தது. தேர் திரும்பிவந்தது. வீட்டில் குளியலறை வேலை மும்முரமாக நடந்தது; மீன் வரிசை நேராக வருகிறதா என்று பார்க்கவே அவருக்கு நேரம் போதவில்லை. ஒரு ஞானஸ்நான விருந்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன குளோரியா, வாஷ்பேசினுக்கு முன்னால் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போதே எல்லாரும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். குளோரியா அன்று கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கிய புதுச் செருப்பு போட்டிருந்தார். குதிகால் கொஞ்சம் உயரம். "இந்த வயசுல எனக்கு எதுக்கு இந்த ஷோக்கு," என்று குளோரியாவே அழுதார். தரையைப் பற்றி யாரும் பேசவில்லை. அவ்வளவு அழகான தரையைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் லாயிட் அந்தச் செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளெமென்ட் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, நீங்க இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவரு. இத பாத்து சொல்லுங்க. கடைக்காரன்கிட்ட சண்டை போடலாமான்னு பாக்கறேன்."

கிளெமென்ட் செருப்பை வாங்கினார். பழக்கத்தில் விரல் நகத்தால் அடிப்பகுதியைச் சுரண்டினார். வெளிச்சத்தில் திருப்பினார். நல்ல ரப்பர், ஆழமான வரி, ஒட்டிய இடத்தில் ஒரு விரிசல் இல்லை. அவர் மேஜைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் தலையசைத்திருப்பார்.

"அடி கொஞ்சம் வழவழப்புதான்," என்றார்.

"நானும் அதான் சொன்னேன்," என்றார் லாயிட், மனநிறைவோடு.

வேலைக்காலம் முழுவதிலும் கிளெமென்ட் பொய்யாக ஒரு பீஸையும் தேறாது என்று தள்ளியதில்லை. பொய்யாகத் தள்ளியது அந்தச் செருப்பைத்தான். அன்று இரவு சோறு இறங்கவில்லை. ஜோசஃபின் அது தன் ஆபரேஷனைப் பற்றிய கவலை என்று நினைத்து அவருக்கு ஆறுதல் சொன்னார். படாத கவலைக்கு ஆறுதல் வாங்கிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கோயிலில் கீபோர்டு மூடிக் கிடந்தது. லாயிட்டின் போனிலிருந்து ஸ்பீக்கரில் இசையை ஓடவிட்டுப் பாடினார்கள். அந்த இசை யாருக்காகவும் நிற்காது. ஃபாதர் பீடத்துக்கு வரும் முன்பே வருகைப் பாடல் முடிந்துவிடும். குளோரியா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். இடது கை மட்டும் பெஞ்சின் விளிம்பில் தட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது வரிசையில் கிளெமென்ட்.

அவர் பாவசங்கீர்த்தனத்துக்குக்கூடப் போனார். "மனைவிகிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன் ஃபாதர். டைல் விஷயமா," என்றார். வலைக்கு அந்தப்பக்கம் ஃபாதர் சிரிப்பை அடக்குவது கேட்டது. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். கிளெமென்ட் முப்பது சொன்னார். பயனில்லை; சீட்டில் எழுதியது வேறு, உள்ளே இருந்த சரக்கு வேறு.

ஜோசஃபினின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு முதல் தடவை புதுக் குளியலறைக்குள் போனபோது, சொரசொரப்புத் தரை அவர் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "முட்டிய விடுங்க, பாத்ரூமைப் பாத்தீங்களா? எம்மனுஷன் பாத்துப் பாத்துப் போட்டாரு," என்றார். ஒவ்வொரு தடவையும் கிளெமென்ட் எழுந்துபோய்த் தண்ணீர் மோட்டாரை அணைத்துவிட்டு வந்தார். பல நேரம் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்காது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் தொடங்கிய வாரத்தில் குளோரியா பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழங்களை இடது கையில் தூக்கிவந்தார். கட்டு இன்னும் இருந்தது.

"ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குக் காலு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு," என்றார் ஜோசஃபின். "போய் பாத்ரூமப் பாத்துட்டு வா."

"எல்லாரும் மருந்து சாப்ட்டியான்னு கேப்பாங்க. நீ ஒருத்திதாண்டி பாத்ரூம் போனியான்னு கேக்கற."

போன குளோரியா சீக்கிரம் வரவில்லை. உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடியும் கேட்டது. கிளெமென்டுக்குத் தெரிந்த சத்தம் அது. தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் சத்தம்.

வெளியே வந்த குளோரியாவின் பாதங்கள் ஈரமாக இருந்தன.

"செவுரு அப்படியே நம்ம ஹாலு மாதிரி இருக்கு ஜோசி."

"நான் செலக்ட் பண்ணதுதானே. அதைத்தான் அங்கயும் போட்டாரு."

"மீனு கூட அதே மீனு."

"அதே மீனுதான்."

"கீழ மட்டும் வேற."

"அது ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டாங்கடி."

"நீதானே முதல்ல ஆர்டர் பண்ணின? ஹாலுக்கு மட்டும் எப்படி இருந்துச்சு?"

ஜோசஃபின் கணவனைப் பார்த்தார். எழுந்துபோக அப்போது மோட்டார் உதவவில்லை. காவேரித் தண்ணீர் வராத நாள்.

"ஸ்டாக் இருந்துச்சு," என்றார் கிளெமென்ட். "வழுக்குச்சு. அதான் மாத்திட்டேன்."

"வழுக்கும்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"கொடியேத்தத்துக்கு முன்னாடி. ஹால்ல நடந்து பாத்தேன். அதுக்குத்தான் அங்க போட்டதே."

குளோரியா உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப என் செருப்பு?"

"நல்ல செருப்பு," என்றார் கிளெமென்ட். "ரொம்ப நல்ல செருப்பு."

"குப்பைல போட்டுட்டேன் அண்ணா. நீங்க சொன்னீங்கன்னு லாயிட் சொன்னான். நான் ஆசைப்பட்டு வாங்கினது. அதைத் திட்டிக்கிட்டே போட்டேன்."

செருப்பைத் திட்டியவர் கிளெமென்டைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கிளெமென்டுக்கு வசதியாக இருந்திருக்கும். ஜோசஃபின்தான் பேசினார், மெதுவாக.

"எம்முட்டிக்கு அவ கையா? என்னங்க கணக்கு இது?"

அன்றைக்கு ஜோசஃபின் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல் பக்கம் இருந்த பழைய கழிப்பறைக்குப் போனார். இரண்டு படி இறங்கும்போது வலியில் உதட்டைக் கடித்தார். பிடிக்க வந்த கணவனின் கையைத் தட்டிவிட்டார். மறுநாள் முட்டி வீங்கியதும், வேறு வழியில்லாமல், அந்தச் சொரசொரப்புத் தரைக்கே திரும்பினார். அந்தத் தரையின் மேல் கோபமாக நின்றாலும் அது வழுக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் கோபப்படுத்தியது.

பேரவைக் கூட்டத்தில் கிளெமென்ட் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார்: மேட் வாங்க நினைத்தது, செருப்பு, பேன்ட்டை மடித்தது உட்பட. ஆனால் ஒரு மனிதனைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்துவிட்ட கூட்டத்திடமிருந்து அதைத் திரும்ப வாங்குவது லேசல்ல. "விடுங்கண்ணா, உங்க மனசு யாருக்கு வரும்," என்றார் லாயிட். பேன்ட்டை மடித்த இடத்தில் சிலர் சிரித்தார்கள். அவருடைய நேர்மையைப் பாராட்டி ஃபாதர் இரண்டு வார்த்தை சொன்னார். தரையை உடனே மாற்றுவது என்று தீர்மானம் ஆனது. பொறுப்பாளர்: கிளெமென்ட்.

கிறிஸ்துமஸுக்கு முன் சாம்பல் நிறச் சின்னக் கட்டங்கள் ஹாலுக்கும் வந்தன. இந்தத் தடவை அவர் எதையும் சோதிக்கவில்லை. ஏற்கெனவே வீட்டில் சோதித்தாகிவிட்டது. தன் வீடு முதல் பீஸாகவும் கோயில் அடுத்ததாகவும் இருந்தது அதுதான் முதல் தடவை.

கட்டைப் பிரித்த பிறகும் குளோரியாவின் மணிக்கட்டு பழையபடி திரும்பவில்லை. பயிற்சி செய்தால் கொஞ்சம் சரியாகும், முழுக்கச் சொல்ல முடியாது என்றார்கள். தவக்காலத்தில் மறுபடியும் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தார். முன்பெல்லாம் பாட்டின் ஒரு சரணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் வலது கை மேலே ஏறி ஓடிவிட்டு இறங்கும். சரணத்தை எங்கே பிடிப்பது என்று சபை தடுமாறும். இப்போது அந்த இடத்தில் இரண்டு சாதாரணச் சுரம் மட்டும். சபைக்கு மிகவும் பிடித்துவிட்டது. இப்போதுதான் பாட வசதியாக இருக்கிறது என்றார்கள். பக்தியாக இருக்கிறது என்றார் ஃபாதர். இரண்டாவது வரிசையில் கிளெமென்ட் மட்டும், ஒவ்வொரு சரணம் முடியும்போதும், வராத அந்த ஓட்டத்துக்காகக் காத்திருந்து ஏமாந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குளோரியாவைப் பாராட்டிவிட்டுக் கலைந்த பிறகு, அவர் கீபோர்டின் உறையை மூடிக்கொண்டே கேட்டார்.

"நீங்க சொல்லுங்கண்ணா. எப்படி இருந்துச்சு?"

வாசலில் ஜோசஃபின் கைத்தடியோடு காத்திருந்தார். கிளெமென்ட் தலையசைக்கவில்லை.

"நடுவுல அந்த ஓட்டம் வரல," என்றார்.

"வரல," என்றார் குளோரியா. உறையின் ஜிப்பை இடது கையால் இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. கிளெமென்ட் உதவக் கை நீட்டினார். குளோரியா விட்டுக்கொடுக்கவில்லை. தானே பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னுக்குத் தள்ளி, மெதுவாக மூடினார். அது மூடும்வரை கிளெமென்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.